பெரியப்பாவின் இருமலும் பிரேசில் பாம்பும்

பெரியப்பாவுக்கு இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டைக்குள் யாரோ கோழியிறகை விட்டுக் குடைவதுபோல ஓயாத வறட்டு இருமல். ராத்திரி படுத்தால் இன்னும் கூடும். ஆடாதொடை, அதிமதுரம், மிளகுப் பால், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய சிரப் மூன்று பாட்டில் என்று ஒரு சுற்று முடிந்துவிட்டது. கடைசியில் பெரியம்மாதான் கண்டுபிடித்தார். "அந்தப் புது மாத்திரை ஆரம்பிச்ச நாள்லேர்ந்துதாங்க இது."

பெரியப்பா உடனே தீர்ப்பு எழுதிவிட்டார். டாக்டரிடம்கூடச் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினார். மூன்று வாரத்தில் இருமல் போயே போச்சு. பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார். ஆறாவது வாரம் கணுக்கால் வீங்கியது. ஏழாவது வாரம் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்கினார். ஒரு நள்ளிரவு மூச்சுத் திணறி, ஆம்புலன்ஸில் கூட்டிக்கொண்டு போனோம்.

அந்த மாத்திரை எனலாப்ரில். இதயச் செயலிழப்புக்காகக் கொடுத்தது. பெரியம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி, இருமல் அந்த மாத்திரையால்தான் வந்தது. அவரை அத்தனை மாதம் ஆஸ்பத்திரிக்கு வெளியே வைத்திருந்ததும் அதே மாத்திரைதான். வார்டில் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருந்தவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன்டா, ஹார்ட்டுக்கு மாத்திரை குடுத்தா தொண்டை ஏன் இருமுது?"

நியாயமான கேள்வி. "படிச்சுட்டு வந்து சொல்றேன் பெரியப்பா" என்றேன். படித்ததன் குறிப்புகள்தான் இவை.

மோட்டார் பழசானால்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஹார்ட் அட்டாக் வேறு, ஹார்ட் ஃபெய்லியர் வேறு. முதலாவது மாரடைப்பு: இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்து, தசையின் ஒரு பகுதி செத்துப்போவது. இரண்டாவது, இதயத்தின் இறைக்கும் திறன் உடம்பின் தேவைக்குப் போதாமல் போவது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள், பல வருஷம் ரத்த அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டவர்கள், வால்வு கெட்டவர்கள் என்று பலரும் இங்கே வந்து சேர்கிறார்கள். 'ஃபெய்லியர்' என்றதும் நின்றுபோய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஓடுகிறது, ஆனால் இழுத்துப் பறித்துக்கொண்டு ஓடுகிறது.

ஒரு அடுக்குமாடி வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே சம்ப், ஒரு மோட்டார், மேலே போகும் குழாய்கள். மோட்டார் பழசாகிவிட்டது. மூன்றாம் மாடியில் குழாயைத் திறந்தால் நூல்போல வருகிறது. மூன்றாம் மாடிக்காரருக்குக் கீழே நடப்பது தெரியாது. "சம்ப்பில் தண்ணி இல்லை போல" என்று முடிவு கட்டி, டேங்கர் லாரியை வரவழைத்துத் தண்ணீரை நிரப்புகிறார். பிரஷர் ஏறட்டும் என்று குழாய்களின் வால்வையும் இறுக்கிவைக்கிறார். சம்ப் நிரம்பி வழிகிறது. ஏற்கெனவே முக்கிக்கொண்டிருந்த மோட்டார், இறுகிய குழாய்க்குள் இன்னும் அதிகத் தண்ணீரைத் தள்ள வேண்டியிருக்கிறது.

அந்த மூன்றாம் மாடிக்காரர்தான் சிறுநீரகம். தனக்கு வரும் ரத்தம் குறைந்ததும் 'உடம்பில் ரத்தம் போய்விட்டது, நீர் வற்றிவிட்டது' என்று எடுத்துக்கொள்கிறது. அடிபட்டு ரத்தம் கொட்டும்போதும், வயிற்றுப்போக்கில் நீர் போகும்போதும் இந்த முடிவு சரி. அப்போது உயிரைக் காப்பாற்றுவதே இந்த அவசர ஏற்பாடுதான். ஆனால் இதயம் தளர்ந்தவருக்கு ரத்தம் எங்கேயும் போகவில்லை, தள்ள ஆள் இல்லை, அவ்வளவுதான். தேங்கும் நீர் காலில் இறங்கினால் வீக்கம், நுரையீரலில் ஏறினால் மூச்சுத்திணறல். பெரியப்பாவின் தலையணை அடுக்குக்குக் காரணம் இதுதான்.

ஆக, மருந்து கண்டுபிடிப்பவருக்கு இரண்டு வழி. ஒன்று, மோட்டாரை முடுக்குவது. இன்னொன்று, மூன்றாம் மாடிக்காரரைச் சும்மா இருக்கவைப்பது. இரண்டு வழியிலும் நொதிகளைத் தடுக்கும் மருந்துகள் வந்தன. நொதி என்றால் என்சைம். உடம்பின் வேதிவேலைகளை வேகப்படுத்தும் புரதம். சிலது ஒட்டும், சிலது இறைக்கும், இந்தக் கதையில் வருபவற்றில் பல, மூலக்கூறுகளை இடம் பார்த்து வெட்டும் கத்தரிகள்.

சாட்டையடி வைத்தியம்

முதல் வழிக்கு வயசு அதிகம். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து மருத்துவர் வில்லியம் விதரிங், நீர்க்கோவைக்கு ஒரு மூதாட்டி ரகசியமாக வைத்திருந்த கைமருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டார். இருபதுக்கு மேல் மூலிகை சேர்ந்த கஷாயம் அது. அதில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் என்ற ஊதாப்பூச் செடிதான் என்று கண்டுபிடித்து, பத்து வருஷம் நோயாளிகளிடம் பார்த்துவிட்டு 1785-ல் புத்தகம் போட்டார். அந்தக் குடும்பத்துச் செடியிலிருந்து வந்ததுதான் இன்றைய டிஜாக்சின்.

அது எதைப் பிடிக்கிறது என்பது தெரியவர 1957 ஆனது. அந்த வருஷம் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூ, நண்டின் நரம்பில் ஒரு நொதியைக் கண்டுபிடித்தார். செல்லிலிருந்து சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் நொதி. டிஜாக்சின் அதை முடக்குகிறது. விளைவாக இதயச் செல்லில் கால்சியம் கூடுகிறது, தசை இறுக்கிப் பிடிக்கிறது. 1997-ல் ஸ்கூவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே வருஷம் 6,800 நோயாளிகளிடம் டிஜாக்சினைச் சோதித்த பெரிய ஆய்வின் முடிவும் வந்தது: ஆஸ்பத்திரிக்குப் போவது குறைந்தது, சாவு குறையவில்லை. 200 வருஷத்துக்கும் மேலாகக் கொடுத்துவந்த மருந்துக்குக் கிடைத்த மார்க் அது.

அதே வழியில் இன்னும் வேகமாகப் போக நினைத்தவர்கள் மில்ரினோன் செய்தார்கள். இதயச் செல்லுக்குள் 'இன்னும் பலமாக அடி' என்று சொல்லும் தூது மூலக்கூறு ஒன்று உண்டு. அதை உடைத்து அடக்கிவைக்கும் நொதி பாஸ்போடைஎஸ்டரேஸ்-3. மில்ரினோன் அந்த நொதியைத் தடுக்கும். ஊசியாகப் போட்டால் சில நிமிஷத்திலேயே இதயம் நன்றாக இறைப்பதை மானிட்டரில் பார்க்கலாம். இதையே மாத்திரையாகத் தினமும் கொடுத்தால்? 1,088 பேரிடம் சோதித்து, 1991-ல் முடிவை வெளியிட்டார்கள். போலி மாத்திரை எடுத்தவர்களில் 24% பேர் இறந்தார்கள். மில்ரினோன் எடுத்தவர்களில் 30% பேர். ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

களைத்த மாட்டைச் சாட்டையால் அடித்தால் ஓடத்தான் செய்யும், எதுவரை என்பதுதான் கேள்வி. மில்ரினோன் ஊசி இன்றும் தீவிர சிகிச்சைப் பிரிவில் கொஞ்ச நாளைக்கு உதவுகிறது. வீட்டில் வைத்துத் தினமும் சாப்பிடும் மாத்திரையாக அது பிழைக்கவில்லை.

மூன்றாம் மாடிக்காரரின் போன்

இரண்டாவது வழிக்கு, சிறுநீரகம் யாருக்குப் போன் போட்டு டேங்கரை வரவழைக்கிறது என்று தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளக் கிட்டத்தட்ட எழுபது வருஷம் பிடித்தது.

1898-ல் ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் இருவரும் முயலின் சிறுநீரகத்தை அரைத்துச் சாறெடுத்து இன்னொரு முயலுக்கு ஏற்றினார்கள். ரத்த அழுத்தம் ஏறியது. உள்ளே இருந்த பொருளுக்கு ரெனின் என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் அதை எல்லோரும் மறந்துபோனார்கள். 1934-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட், நாயின் சிறுநீரகத்துக்குப் போகும் தமனியைக் கவ்வி போட்டு இறுக்கி, ரத்த அழுத்தம் உயர்வதைக் காட்டிய பிறகுதான் பழைய ரெனின் ஞாபகத்துக்கு வந்தது. 1956 வாக்கில் அதே கிளீவ்லாந்தில் லெனார்ட் ஸ்கெக்ஸ் சங்கிலியின் நடுக்கண்ணியைக் கண்டுபிடித்தார்.

சங்கிலி இதுதான். கல்லீரல் ஒரு பெரிய புரதத்தை ரத்தத்தில் விட்டுவைக்கிறது. சிறுநீரகம் அனுப்பும் ரெனின் ஒரு கத்தரி. அது அந்தப் புரதத்தின் முனையிலிருந்து 10 அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டை நறுக்குகிறது. இது ஆஞ்சியோடென்சின்-1, பெரிதாக எதுவும் செய்யாத சாது. அதன் வாலிலிருந்து இரண்டு அமினோ அமிலத்தை இன்னொரு கத்தரி வெட்டிவிட்டால், மிச்சம் 8 உள்ள ஆஞ்சியோடென்சின்-2. இதுதான் முரடன். ரத்தக்குழாய்களை இறுக்கும், உப்பையும் நீரையும் விடாமல் பிடித்துவைக்கச் சொல்லும், நாள்பட்டால் இதயத் தசையையே தடிக்கவைத்து நார்போல ஆக்கும். சாதுவை முரடனாக்கும் அந்த இரண்டாவது கத்தரியின் பெயர் ஆஞ்சியோடென்சின் மாற்றி நொதி. சுருக்கமாக ஏ.சி.இ.

இந்தக் கத்தரியின் கைப்பிடியில் ஏதாவது ஒன்றைச் செருகிவிட்டால் போதும். செருக என்ன கிடைக்கும்? பதில் பிரேசிலில், ஒரு பாம்பின் விஷப்பையில் இருந்தது.

ஜராராகா

தென் அமெரிக்காவில் ஜராராகா என்று ஒரு விரியன் உண்டு. கடித்தால் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும். 1948-ல் சாவோ பாவ்லோ நகரத்தில் மவுரிசியோ ரோச்சா இ சில்வாவும் அவருடைய சகாக்களும் இந்த விஷத்தை நாயின் ரத்தத்தில் கலந்து பார்த்தார்கள். விஷத்தில் இல்லாத, ரத்தத்திலும் அதுவரை இல்லாத ஒரு புதுப்பொருள் உண்டானது. கினிப்பன்றியின் குடல்துண்டின் மேல் அதை விட்டால், குடல் மெதுவாகச் சுருங்கியது. மெதுவாக அசைப்பது என்ற பொருளில் கிரேக்கத்திலிருந்து பெயர் வைத்தார்கள்: பிராடிகைனின். ரத்தக்குழாயை விரித்து அழுத்தத்தை இறக்குவது இதுதான். ஆஞ்சியோடென்சின்-2 இறுக்குகிறவர், பிராடிகைனின் தளர்த்துகிறவர். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், பெரியப்பாவின் தொண்டைக்கு இதுதான் வழி.

பிராடிகைனின் ரத்தத்தில் ரொம்ப நேரம் தாங்காது. நொதிகள் உடனுக்குடன் வெட்டிப்போட்டுவிடும். ஆனால் பாம்பு கடித்தவருக்கு மட்டும் அது நீடித்து வேலை செய்கிறதே, எப்படி? ரோச்சா இ சில்வாவின் மாணவர் செர்ஜியோ ஃபெரேரா 1965-ல் விடை சொன்னார். விஷத்திலேயே இன்னொரு சரக்கும் இருக்கிறது, அது பிராடிகைனினை வெட்டும் நொதியை முடக்கிவைக்கிறது. அந்தச் சரக்கை எடுத்துக்கொண்டு ஃபெரேரா லண்டனில் ஜான் வேனின் ஆய்வகத்துக்குப் போனார்.

வேனின் ஆய்வகத்தில் அப்போது ஆஞ்சியோடென்சின்தான் பேச்சு. சாது முரடனாகும் இடம் பெரும்பாலும் நுரையீரல் ரத்தக்குழாய்தான் என்று அவர்கள் 1967-ல் காட்டியிருந்தார்கள். அங்கே இருந்த பாக்லே, பாம்புச் சரக்கை நாயின் நுரையீரலிலிருந்து எடுத்த ஏ.சி.இ. மேல் விட்டுப் பார்த்தார். கத்தரி நின்றுபோனது. 1968-ல் அந்தச் சேதி அச்சில் வந்தது. 1970 வாக்கில் எர்வின் எர்டோஷ் குழுவினர் முடிச்சை அவிழ்த்தார்கள்: ஆஞ்சியோடென்சின்-1-ஐ வெட்டும் கத்தரியும் பிராடிகைனினை வெட்டும் கத்தரியும் வேறு வேறு இல்லை. ஒரே நொதி, இரண்டு வேலை. இறுக்குகிறவரை உருவாக்குவதும் தளர்த்துகிறவரைத் தீர்த்துக்கட்டுவதும் ஒரே ஆள்.

அறுபது முயற்சியில் ஒரு மாத்திரை

வேன் அப்போது அமெரிக்காவின் ஸ்குவிப் மருந்து நிறுவனத்துக்கு ஆலோசகர். இதை எடுத்துச் செய்யுங்கள் என்று அவர்களைத் தூண்டினார். அங்கே டேவிட் குஷ்மன், மிகெல் ஒண்டெட்டி என்ற இருவர். விஷத்தில் இருந்த சரக்கைப் பிரித்து, 9 அமினோ அமிலம் கொண்ட டெப்ரோடைடு என்ற பெப்டைடைத் தயாரித்தார்கள். ஊசியாக ஏற்றினால் நோயாளிகளுக்கு ரத்த அழுத்தம் இறங்கியது. யோசனை பலிக்கும் என்பது நிரூபணமானது. ஆனால் வாய்வழியாகக் கொடுக்க முடியாது. பெப்டைடு என்பது புரதத் துண்டு, பருப்பை ஜீரணிப்பதுபோல வயிறு அதையும் ஜீரணித்துவிடும். ஆயுசுக்கும் தினசரி ஊசி போட்டுக்கொள்ள யார் வருவார்கள்?

வேறு ரசாயனங்களைத் தேடிச் சலித்தார்கள், எதுவும் சிக்கவில்லை. 1974 மார்ச் மாதம் பையர்ஸ், வுல்ஃபெண்டன் என்ற இருவரின் கட்டுரை கண்ணில் பட்டது. அது கணையத்தில் சுரக்கும் கார்பாக்ஸிபெப்டிடேஸ் என்ற ஜீரண நொதியைப் பற்றியது. அந்த நொதியின் நடுவில் ஒரு துத்தநாக அணு உண்டு. புரதத்தின் வாலிலிருந்து அது ஒரு அமினோ அமிலத்தை வெட்டும். அதில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்து தடுக்கும் ஒரு சிறு மூலக்கூறை அவர்கள் செய்திருந்தார்கள்.

குஷ்மனும் ஒண்டெட்டியும் யோசித்தார்கள். ஏ.சி.இ.க்கும் துத்தநாகம் உண்டு. ஒரே வித்தியாசம், அது வாலிலிருந்து ஒன்றுக்குப் பதில் இரண்டை வெட்டுகிறது. அப்படியானால் நம்முடைய செருகல் அந்த ஓர் அமினோ அமில அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். பாம்புப் பெப்டைடு புரோலின் என்ற அமினோ அமிலத்தில் முடிகிறது, பாம்பையே பின்பற்றி நாமும் புரோலினை வைப்போம். செய்து பார்த்தார்கள். பிடித்தது, ஆனால் பிடி தளர்வு. துத்தநாகத்தைத் தொடும் முனையில் இருந்த அமிலத் தொகுதியை எடுத்துவிட்டுக் கந்தகம் உள்ள தொகுதியை வைத்தார்கள். துத்தநாகத்துக்குக் கந்தகம் என்றால் விடாத ஒட்டுதல். பிடி பல மடங்கு இறுகியது.

அதுதான் கேப்டோப்ரில். ஒன்றரை வருஷத்தில், சுமார் 60 சேர்மங்களைச் செய்து பார்த்ததிலேயே கிடைத்துவிட்டது. அப்போது ஏ.சி.இ. எப்படி இருக்கும் என்று யாருக்குமே தெரியாது. அதன் முப்பரிமாண வடிவம் 2003-ல்தான் வெளிவந்தது, இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ரவி ஆச்சார்யா குழுவிடமிருந்து. அந்தக் கட்டுரையில் முதல் பெயர் நடேஷ். பூட்டைப் பார்க்காமலேயே, பக்கத்து வீட்டுப் பூட்டை வைத்துச் சாவி செய்திருக்கிறார்கள் முன்னவர்கள்.

1981-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதிக அளவில் கொடுத்தபோது தோலில் தடிப்பு, நாக்கில் ருசி மரத்துப்போவது போன்ற தொல்லைகள் வந்தன. கந்தகத்தின் மேல் சந்தேகம் போனது. மெர்க் நிறுவனம் கந்தகம் இல்லாமல் ஒன்று செய்தது. அதுதான் எனலாப்ரில், பெரியப்பாவின் மாத்திரை.

253 பேர்

இதெல்லாம் ரத்த அழுத்த மாத்திரையாகத்தான் கிளம்பியது. இதயச் செயலிழப்பு உள்ளவருக்குக் கொடுக்கலாமா என்பதில் தயக்கம் இருந்தது. தயக்கத்தில் நியாயமும் உண்டு, அவர்களில் பலருக்கு ரத்த அழுத்தமே குறைவு. இன்னும் இறக்கினால் என்ன ஆகும்?

ஃபின்லாந்து, நார்வே, ஸ்வீடன் மூன்று நாட்டிலும் சேர்த்து 253 பேரை எடுத்தார்கள். எல்லோரும் கடைசிக் கட்டத்தில் இருந்தவர்கள், உட்கார்ந்திருந்தாலே மூச்சு வாங்கும் நிலை. வழக்கமான மருந்துகளோடு, பாதிப் பேருக்கு எனலாப்ரில், பாதிப் பேருக்குப் போலி மாத்திரை. ஆறு மாதத்தில் போலி மாத்திரை எடுத்தவர்களில் 44% பேர் இறந்திருந்தார்கள், எனலாப்ரில் எடுத்தவர்களில் 26% பேர். இனியும் ஒரு பாதிக்கு மருந்து கொடுக்காமல் இருப்பது முறையில்லை என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்தி, 1987-ல் முடிவை வெளியிட்டார்கள்.

இந்த இரண்டு எண்ணையும் கொஞ்சம் நின்று பாருங்கள். எனலாப்ரில் மோட்டாரை முடுக்கும் மருந்து இல்லை. குழாயைத் தளர்த்தியது, டேங்கரைத் திருப்பி அனுப்பியது, அவ்வளவுதான். மோட்டார் தன்பாட்டுக்கு இன்னும் கொஞ்ச காலம் ஓடியது. நான்கு வருஷம் கழித்து, இவர்களைவிட லேசான நிலையில் இருந்த 2,569 பேரிடம் செய்த ஆய்விலும் சாவு 40-லிருந்து 35 சதவீதத்துக்கு இறங்கியது. மில்ரினோன் மாத்திரையின் முடிவும் அதே 1991-ல்தான் வந்தது. இதயத்தைப் பலவீனமான பம்ப் என்று மட்டும் பார்ப்பதா, உடம்பின் தப்பான அவசர ஏற்பாட்டில் மாட்டிக்கொண்ட பம்ப் என்று பார்ப்பதா என்ற வாதத்தில் அந்த வருஷம் தராசு நன்றாகவே ஒரு பக்கம் சாய்ந்தது.

இருமல் எங்கிருந்து வந்தது?

இப்போது பெரியப்பாவின் கேள்வி. ஒரே கத்தரிக்கு இரண்டு வேலை என்றேன் அல்லவா? கத்தரியை முடக்கினால் இரண்டு வேலையும் நிற்கும். முரடன் உருவாவது நின்றது, நல்லது. பிராடிகைனினை வெட்டுவதும் நின்றது. அதில் பாதி நல்லது, ரத்தக்குழாய் தளரும். மீதிப் பாதி, மூச்சுக்குழாயில் தேங்கும் பிராடிகைனினும் அதைப் போன்ற சில பெப்டைடுகளும் அங்குள்ள நரம்புகளைச் சீண்டுகின்றன. வறட்டு இருமலுக்கு ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம் இதுதான். எடுப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வருகிறது. மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் போய்விடும். அபூர்வமாகச் சிலருக்கு உதடு, நாக்கு, தொண்டை வீங்கிவிடும். அது இருமல்போலப் பொறுத்துக்கொள்ளும் சமாசாரம் இல்லை, மூச்சே அடைக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நுரையீரலில் நீர் தேங்கினாலும் இருமல் வரும். ஆக இருமல் மருந்தாலா, நோயாலா என்று வீட்டில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்ல முடியாது. பெரியம்மாவின் ஊகம் சரியாக இருந்தது அதிர்ஷ்டம்.

மருந்தால்தான் என்றால் மாற்று இருக்கிறது. கத்தரியை விட்டுவிட்டு, ஆஞ்சியோடென்சின்-2 போய் உட்காரும் ஏற்பியை மறித்துவிடலாம். லோசார்டன், வால்சார்டன் வகையறா செய்வது அதைத்தான். முரடன் வருவான், உட்கார நாற்காலி இருக்காது. கத்தரி தன் பாட்டுக்குப் பிராடிகைனினை வெட்டிக்கொண்டிருக்கும். இருமல் பிரச்சினை பெரும்பாலும் இல்லை.

இரண்டாவது கத்தரி

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் இதயமும் சும்மா இருக்கும் உறுப்பு இல்லை. 1981-ல் கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட், எலியின் இதய மேலறைச் சாற்றை இன்னொரு எலிக்கு ஏற்றினார். எலி உப்பையும் நீரையும் சிறுநீராகக் கொட்டித் தீர்த்தது. இதயம் தானே ஒரு ஹார்மோனைச் சுரந்து, 'தண்ணீரை வெளியேற்று, குழாயைத் தளர்த்து' என்று சொல்கிறது என்பது தெரிந்தது. கீழே மோட்டார் போடும் போன் இது. இந்தப் பெப்டைடுகளை வெட்டிப்போடும் கத்தரி நெப்ரிலைசின் என்ற நொதி.

அப்படியானால் நெப்ரிலைசினையும் தடுத்தால்? தனியாகத் தடுத்துப் பார்த்தார்கள், பெரிய பலன் இல்லை. ஏனென்றால் நெப்ரிலைசினும் ஒரு வேலைக்காரர் இல்லை, ஆஞ்சியோடென்சின்-2-ஐயும் அதுதான் வெட்டுகிறது. நல்லவரோடு முரடனும் தப்பித்துவிட்டான். சரி, ஏ.சி.இ.யையும் நெப்ரிலைசினையும் ஒரே மாத்திரையில் தடுப்போம் என்று ஒமபாட்ரிலாட் வந்தது. காகிதத்தில் அருமையான யோசனை. 25,302 ரத்த அழுத்த நோயாளிகளிடம் சோதித்தார்கள். முகமும் தொண்டையும் வீங்குவது எனலாப்ரில் எடுத்தவர்களில் 0.68%, ஒமபாட்ரிலாட் எடுத்தவர்களில் 2.17%. மூன்று மடங்குக்கும் மேல்.

காரணம் இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். பிராடிகைனினை வெட்டும் முக்கியமான இரண்டு கத்தரிகள் ஏ.சி.இ.யும் நெப்ரிலைசினும். இரண்டையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டார்கள். இதயச் செயலிழப்பு ஆய்விலும் எனலாப்ரிலைத் தெளிவாக ஜெயிக்கவில்லை. மருந்து சந்தைக்கே வரவில்லை.

தோல்வியே அடுத்த வழியைக் காட்டியது. நெப்ரிலைசினை மட்டும் தடு, ஏ.சி.இ.யைத் தொடாதே. முரடன் தப்பிப்பானே என்றால், அவன் நாற்காலியை வால்சார்டனால் மறித்துவிடு. அந்தக் கூட்டணிதான் சகுபிட்ரில்-வால்சார்டன். 8,399 பேரிடம் எனலாப்ரிலோடு நேருக்கு நேர் மோதவிட்டார்கள். இதய, ரத்தக்குழாய்க் கோளாறால் இறந்தவர்கள் அல்லது இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் எனலாப்ரில் பக்கம் 26.5%, புதுக்கூட்டணி பக்கம் 21.8%. தொண்டை அடைத்து மூச்சுக்குத் தவித்தவர் யாருமில்லை. இந்த ஆய்வையும் முன்கூட்டியே நிறுத்தி 2014-ல் வெளியிட்டார்கள். 27 வருஷத்துக்கு முன் ஜெயித்த மருந்தை, அதே கதையின் அடுத்த அத்தியாயம் ஜெயித்தது. இன்று இதோடு பீட்டா பிளாக்கர், ஸ்பைரனோலாக்டோன் வகை, சர்க்கரைக்கு என்று வந்து இதயத்துக்கும் உதவும் கிளிஃப்ளோசின்கள் எல்லாம் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அவையெல்லாம் தனித்தனிக் கதை.

ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும். எனலாப்ரில், ராமிப்ரில் போல '-ப்ரில்' என்று முடியும் ஏ.சி.இ. மாத்திரைக்கும் சகுபிட்ரில் கூட்டணிக்கும் நடுவே குறைந்தது 36 மணி நேர இடைவெளி வேண்டும். ஏன் என்று ஒமபாட்ரிலாட் சொல்லிவிட்டது. சகுபிட்ரில் முடிவது '-ட்ரில்' என்று, குழப்பிக்கொள்ள வேண்டாம். புது மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகு, டப்பாவில் மிச்சமிருக்கும் பழைய மாத்திரையை 'வீணாகுதே' என்று சேர்த்துப் போட்டுவிடக் கூடாது. நம் வீட்டுப் பெரியவர்கள் இதைச் செய்யக்கூடியவர்கள்தான்.

பெரியப்பாவுக்கு முதலில் வால்சார்டன் கொடுத்தார்கள், அப்புறம் கூட்டணி மாத்திரை. இருமல் இல்லை. ஒற்றைத் தலையணையில் தூங்குகிறார். போன ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இந்தக் கதை முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பிரேசில்ல பாம்பு கடிச்சதுக்கு நான் இங்க இருமியிருக்கேன்" என்றார்.

"கிட்டத்தட்ட அப்படித்தான் பெரியப்பா."

"இதை அந்த டாக்டர் முதல்லயே சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருக்க மாட்டேனே."

அது எனக்கும் உறைத்தது. 'இருமல் வரலாம், வந்தால் நிறுத்தாதீங்க, வந்து சொல்லுங்க, வேறு மாத்திரை இருக்கு.' அரை நிமிஷத்தில் சொல்லி முடிக்கக்கூடிய வாக்கியம். உங்கள் வீட்டில் யாராவது இந்த வகை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு இருமிக்கொண்டிருந்தால், அதை இன்றைக்கே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.